தாய்மொழி எங்கே அறுபடுகிறது?

உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றில் ஒன்று மறைந்தால், கடைசியாகப் பேசியவர் இறந்த ஆண்டைத்தான் குறித்து வைக்கிறோம். துருக்கியில் பேசப்பட்ட உபிக் மொழிக்கு 1992, அந்தமானின் அகா-போ மொழிக்கு 2010. உண்மையில் இந்த மொழிகளின் வேர் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அறுந்துவிட்டது. பெற்றோர் பிள்ளைகளிடம் பேசுவதை நிறுத்திய நாளில்.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மொழி போகும் அந்தக் கண்ணி ஏன் அவ்வளவு முக்கியம்? குழந்தையின் காதைக் கவனியுங்கள். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற கனடா ஆய்வாளர்கள், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். நம் த, ட போல, நாக்கு படும் இடம் மட்டும் மாறும் ஒலிகள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலரால்தான் முடிந்தது. 1984-இல் வெளியான முடிவு இது. தன்னைச் சுற்றிக் கேட்கும் மொழிக்கு ஏற்பக் காது அவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது. பிறகும் கற்கலாம்தான், ஆனால் பாடுபட வேண்டும்.

அப்புறம் வருகிறது நடுத்தலைமுறை. பாட்டி பேசுவது முழுக்கப் புரியும், பதில் மட்டும் வேறு மொழியில் வரும். கேட்டுப் புரிந்துகொள்வது ஒரு திறன், வாக்கியத்தைக் கட்டிப் பேசுவது இன்னொரு திறன். இரண்டாவது பழக்கத்தால் மட்டுமே வளரும். இவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த மொழி காதிலேயே விழாது. இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நியூசிலாந்துப் பள்ளிகளில் அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மொழியான மாவோரி பேசியதற்காக அடி வாங்கிய குழந்தைகள் உண்டு. அந்த அடி தம் பிள்ளைக்கும் விழக்கூடாது என்று நினைத்தது குற்றமா?

அறுந்த கண்ணியைத் தாண்ட அதே மாவோரி மக்கள் 1982-இல் ஒரு வழி கண்டார்கள். கோஹங்கா ரெயோ என்னும் மழலையர் மையங்களில், மொழி சரளமாக வரும் தாத்தா பாட்டிகளிடம் குழந்தைகளை விட்டார்கள். சாப்பாடு, விளையாட்டு, அழுகையை அடக்குவது எல்லாமே மாவோரியில். பாடமாகச் சொல்லித்தராமல், அதற்குள்ளேயே வாழவைத்தார்கள். ஹவாயில் 1984-இல் இதே முறை தொடங்கியபோது, பள்ளிகளில் ஹவாய் மொழியைப் பயிற்றுமொழியாக்க 1896-ஆம் ஆண்டுத் தடை இன்னும் நீங்கியிருக்கவில்லை. 1986-இல்தான் நீங்கியது.

குழந்தை வளர்ந்து வேற்றுமொழிப் பள்ளிக்குப் போனால் பேச்சு மீண்டும் தேய்கிறது. அதனால் மாவோரி மக்கள் 1985-இலேயே தங்கள் மொழிவழித் தொடக்கப்பள்ளியைத் தொடங்கினார்கள். வீட்டிலும் அந்த மொழி ஒலிக்க வேண்டுமே என்று பெற்றோரும் கற்க உட்கார்ந்தார்கள். அங்கே வளர்ந்தவர்கள் சிலர் இப்போது தங்கள் பிள்ளைகளையும் அங்கேயே சேர்க்கிறார்கள்.