சியாட்டிலில் சாதிப் பாகுபாட்டுப் புகார்: முதலில் முகவரியைப் பாருங்கள்

ஒரு தம்பி ஆறு பக்கத்தில் புகார் எழுதிக்கொண்டு வந்தார். டீம் லீட் நம்ம ஊர்க்காரர். முதல் நாளே "ஊர் எது?" என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் "அங்க எந்தத் தெரு?" அடுத்த வாரம் குலதெய்வம் எது என்று. பதில் கிடைத்த பிறகு மதியச் சாப்பாட்டுக்கு இவரைக் கூப்பிடுவது நின்றது, அப்புறம் வருடாந்திர மதிப்பீட்டில் மார்க் சரிந்தது. எல்லாம் தேதிவாரியாக, கச்சிதமாக இருந்தது. அலுவலகம் மட்டும் சியாட்டிலுக்குப் பக்கத்து நகரமான பெல்வியூவில் இருந்தது. அந்தப் புகாரை சியாட்டில் நகரம் தொடக்கூட முடியாது.

சட்டம் சின்னதுதான். 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் 6-1 என்ற வாக்கில், பாகுபாடு கூடாத காரணங்களின் பட்டியலில் இனம், நிறம், வம்சாவளி ஆகியவற்றோடு சாதியையும் சேர்த்தது. கொண்டுவந்தவர் அப்போதைய மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த். அமெரிக்க நகரங்களில் இதுதான் முதல். வேலை, வாடகை வீடு, கடை, ஹோட்டல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். புகாரை வாங்குவது நகரத்தின் சிவில் உரிமைகள் அலுவலகம்.

சரி, முகவரி விஷயத்துக்கு வருவோம். நம் ஆட்கள் அதிகம் விழுவது இதில்தான். பெல்வியூ, ரெட்மண்ட், கிர்க்லண்ட், பாத்தல் எல்லாமே தனித்தனி நகரங்கள். ஊரில் மாமா அத்தையிடம் "சியாட்டிலில் இருக்கிறேன்" என்று சொல்வது வேறு, சட்டத்தில் சியாட்டில் என்பது வேறு. இதைவிட மோசம், தபால் முகவரி. ஸ்கைவே, ஒயிட் சென்டர், ஷோர்லைன் பகுதிகளில் கடித உறை மேல் "சியாட்டில்" என்று இருக்கலாம், ஆனால் இடம் நகர எல்லைக்கு வெளியே. வாடகை ஒப்பந்தத்தில் சியாட்டில் என்று அச்சடித்திருப்பதை நம்பி நான்கு மாதம் காத்திருந்து, "எங்கள் வரம்பில் இல்லை" என்று ஒற்றை வரிப் பதில் வாங்கிய குடும்பத்தை எனக்குத் தெரியும். நகர எல்லை வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வேலைப் புகார் என்றால் நிறுவனத்தின் தலைமையகம் எங்கே என்று பார்க்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் எங்கே என்று பாருங்கள்.

எல்லைக்கு வெளியே என்றால் வாஷிங்டன் மாநில மனித உரிமை ஆணையமும், வேலைப் புகாருக்கு அமெரிக்க மத்திய சமவாய்ப்பு ஆணையமும் (EEOC) இருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டங்களில் சாதி என்ற சொல் பெயர் சொல்லி இல்லை. பிறந்த நாடு, இனம், மதம் ஆகியவற்றில் ஒன்றின் கீழ்தான் எழுத வேண்டும். அதை எப்படி எழுதுவது என்று வக்கீலிடம் ஒரு மணி நேரமாவது பேசிவிடுங்கள். ஆள் கணக்கும் உண்டு. சியாட்டிலில் ஒரே ஒரு ஊழியர் உள்ள கடை மேல்கூடப் புகார் கொடுக்கலாம். மாநிலச் சட்டத்துக்கு 8 பேர் வேண்டும், மத்தியச் சட்டத்துக்கு 15.

கெடு இன்னொரு பள்ளம். சியாட்டிலில் வேலை சம்பந்தப்பட்ட புகாருக்கு ஒன்றரை ஆண்டு, வீட்டுக்கு ஓராண்டு. மாநில ஆணையத்தில் வேலைப் புகாருக்கு ஆறே மாதம், மத்திய ஆணையத்தில் 300 நாள். எண்ணத் தொடங்குவது சம்பவம் நடந்த நாளிலிருந்து. ஆபீஸில் எச்ஆரிடம் சொல்லிவிட்டு "அவங்க விசாரிக்கட்டும், பார்ப்போம்" என்று உட்கார்ந்தால் கெடு உங்களுக்காக நிற்காது. சிவில் உரிமைகள் அலுவலகத்துக்குப் போன் செய்ததும் கணக்கில் சேராது. போனில் பேசுவது வெறும் விசாரிப்பு. நீங்கள் கையெழுத்திட்டு, அது புகாராகப் பதிவானால்தான் கணக்கு. பதிவு எண் கேட்டு வாங்குங்கள்.

கதவு மாறித் தட்டுவதும் நடக்கிறது. சம்பளப் பாக்கி, விடுப்பு என்றால் அதற்குத் தொழிலாளர் தர அலுவலகம். போலீஸ்காரர் மேல் புகார் என்றால் போலீஸ் பொறுப்புடைமை அலுவலகம். இனப் பாகுபாட்டைக் களைய 2004-இல் நகரம் தொடங்கிய இன, சமூக நீதி முனைப்பின் (Race and Social Justice Initiative) பெயர் எல்லா இடத்திலும் கண்ணில் படும். அது நகரத் துறைகள் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்வதற்கானது. அங்கே தனிமனிதப் புகாருக்கு இடமில்லை. ஒரே கதையை மூன்று வரவேற்பறைகளில் சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் மரியாதையாகத்தான் அனுப்பி வைப்பார்கள்.

சிவில் உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, கேட்டால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். குடியேற்ற நிலையை நகர ஊழியர்கள் விசாரிக்கக் கூடாது என்பதும் நகரச் சட்டம். ஆனால் அந்த அலுவலகம் உங்கள் வக்கீல் அல்ல, நடுநிலை விசாரணையாளர். புகாரின் நகல் உங்கள் நிறுவனத்துக்குப் போகும், உங்கள் பெயரோடு. பழிவாங்கினால் அது தனிச் சட்டமீறல். அதற்கும் தனியாகப் புகார் கொடுக்கலாம். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான், நகர அலுவலகத்தால் அதை ஒரு நாள்கூட நீட்ட முடியாது.

கடைசியாக, ஆதாரம். முதுகில் தட்டிக்கொடுப்பது போல் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தால், அன்றிரவே எழுதி வையுங்கள்: யார், எங்கே, என்ன வார்த்தை, பக்கத்தில் யார் நின்றார்கள். தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதுங்கள். விசாரணை அதிகாரிக்குத் "தெரு" என்ற கேள்வியின் அர்த்தம் தெரியாது, அதைக் கீழே ஒரு வரியில் விளக்குங்கள். சொந்த நோட்டில் எழுதுங்கள். ஆபீஸ் மெயில்களை மொத்தமாகச் சொந்த மெயிலுக்கு அனுப்பினால், அதையே காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்க வழி கொடுத்ததாகிவிடும். போனில் ரகசியமாகப் பதிவு செய்யவே செய்யாதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்ய, பேசுகிற எல்லோருடைய சம்மதமும் வேண்டும். இல்லாவிட்டால் குற்றவாளியாக நிற்பது நீங்கள்தான்.