டீயெல்லாம் ஒரு சாப்பாடா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "நா இன்னாபா துன்றேன்? காலையில ரெண்டு இட்லி, மதியானம் கொஞ்சூண்டு சோறு. காத்து குடிச்சாலே ஊதுற ஒடம்புபா இது."

ஒருநாள் அவர் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். கடை திறந்ததிலிருந்து இரவு கணக்கு முடிக்கும்வரை டீக்காரப் பையன் ஐந்து முறை வந்து போனான். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன். சுமார் 40 கிராம், 160 கலோரி. பால் கணக்கு தனி. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடை மூடியபின் போகும் பரோட்டாவை அண்ணனே ஒப்புக்கொள்வதால் அதை விட்டுவிடுகிறேன்.

டீயை அவர் மறைக்கவில்லை. அவர் வயிறே அதைச் சாப்பாடாக எண்ணவில்லை. இட்லியை மென்று விழுங்கும்போது இரைப்பை விரியும், குடலிலிருந்து ஜி.எல்.பி-1 போன்ற ஹார்மோன்கள் கிளம்பி 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும். கரைந்த சர்க்கரை மெல்லப்படாமல் சட்டென்று இறங்கிவிடுவதால் அந்தச் சேதி மங்கலாகத்தான் போகிறது. 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 15 பேருக்கு நான்கு வாரம் தினம் 450 கலோரியை மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைக் குளிர்பானமாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில் மற்ற சாப்பாடு தானாகக் குறைந்தது. பானம் குடித்த நாட்களில் குறையவில்லை, எடையும் ஏறியது.

ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. அந்தக் கணக்குப்படி தினம் 160 கூடினால் வருஷத்துக்கு ஏழரை கிலோ, பத்து வருஷத்தில் 75 கிலோ ஏறவேண்டும். வாட்ஸப்பில் சுற்றும் கணக்கு இதுதான், தப்பு. ஏறிய ஒவ்வொரு கிலோவையும் சுமக்க உடம்புக்குத் தினம் சுமார் 24 கலோரி கூடுதலாக வேண்டும். ஆகவே முதல் வருஷம் மூன்று கிலோ போல ஏறி, பிறகு மெதுவாகி, ஆறேழு கிலோவில் நின்றுவிடும். "அஞ்சு வருஷமா ஒரே வெயிட்டுபா" என்று அண்ணன் சொல்வதும் உண்மைதான். அந்தச் சர்க்கரை இப்போது ஏறியதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எடையை விட இடுப்பளவு நமக்கு முக்கியம். ஒரே எடையுள்ள ஐரோப்பியரை விட நம்மவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்கிறது. அதனால் இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று எல்லை வைத்திருக்கிறார்கள். "நான் 36 சைஸ்" என்றார் அண்ணன். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறதே! கடை டேப்பையே எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விடச்சொல்லி அளந்தோம். 104.

டேப்பைச் சுருட்டிவிட்டு, பையனிடம் "சக்கர கம்மியா ஊத்துடா" என்றார். கேனில் சர்க்கரை முன்பே கலந்திருந்தது. இப்போதெல்லாம் முனைக்கடைவரை நடந்துபோய், மாஸ்டர் டம்ளரில் சர்க்கரை போடுமுன் நிறுத்துகிறார். அந்த நடைக்குச் சோம்பல்பட்டே ஐந்து டீ மூன்றாகியிருக்கிறது.