வேண்டியது மட்டும் விழும் காது

காது பரிசோதனைக்கு நடுத்தர வயது ஆண்கள் தனியாக வருவது அபூர்வம். மனைவியோ மகளோதான் கூட்டிக்கொண்டு வருவார்கள். புகாரையும் அவர்களே சொல்வார்கள். “இவருக்கு வேணும்ங்கறது மட்டும்தாங்க காதுல விழும். சாப்பிட வாங்கன்னா உடனே வருவாரு. வேற ஏதாவது சொன்னா கேக்காத மாதிரியே உக்காந்திருப்பாரு.” பக்கத்தில் இருப்பவர் மறுப்பார்: “எனக்கு நல்லாத்தான் கேக்குது. இவங்கதான் வாய்க்குள்ளயே பேசுறாங்க.”

கிருஷ்ணகிரியில் ஆடியோலஜிஸ்டாக, அதாவது கேட்கும் திறனைச் சோதிப்பவராக, இருக்கும் எனக்கு இது பழகிப்போன வழக்கு. பர்கூர், ஜெகதேவி பக்கம் குவாரியில் ஜாக் ஹேமர் பிடித்துக் கல்லில் துளை போட்டவர்கள், கிரானைட் பாலிஷ் பட்டறையில் கிரைண்டரோடு நின்றவர்கள், ஓசூர் கம்பெனிகளில் பிரஸ் மெஷின் ஓட்டியவர்கள் என்று ஆட்கள்தான் மாறுவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் சொல்வது உண்மை. ஆடியோகிராம் என்ற ஒரு தாளில் அது அப்படியே தெரியும்.

அந்தத் தாள் எப்படி உருவாகிறது? சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டுவோம். 250 ஹெர்ட்ஸ் என்ற கனத்த ஒலியிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சொலி வரை ஒவ்வொன்றாகக் கொடுப்போம். லேசாகக் கேட்டாலும் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஒலியின் பலத்தை 10 டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) குறைப்போம்; அழுத்தாவிட்டால் 5 டெசிபல் கூட்டுவோம். இப்படி ஏறி இறங்கி, ஒருவர் பாதிக்குப் பாதி தடவையாவது பிடிக்கிற மிக மெல்லிய ஒலி எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சிலர் கேட்காமலேயே ஒரு தாளத்தில் அழுத்திக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒலிகளுக்கு நடுவே இடைவெளியை மாற்றி மாற்றி விடுவோம். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர் அந்த அமைதியில் தூங்கிவிடுவதும் உண்டு.

கிராஃபில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைகிறது என்று அர்த்தம். பூஜ்யம் டெசிபல் என்றால் ஒலியே இல்லை என்று நினைக்க வேண்டாம். நல்ல காதுள்ள இளைஞர்களுக்குச் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவைத்தான் பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்கள். அப்புறம், காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஓர் அதிர்வியை வைத்து மறுபடியும் சோதிப்போம். எலும்பு வழியே நன்றாகக் கேட்டு ஹெட்போனில் கேட்காவிட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது: அழுக்கு அடைப்பு, செவிப்பறையில் ஓட்டை, சீழ். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் உள்காது. குவாரிக்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

அவர்கள் தாளில் ஒரு தனி அடையாளம் இருக்கும். 250, 500, 1000 வரை கோடு ஒழுங்காக மேலேயே போகும். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பள்ளத்தில் விழும். 8000-இல் கொஞ்சம் ஏறிவரும். கல்லுடைக்கும் சத்தமானாலும் இரும்பை அடிக்கும் சத்தமானாலும் பள்ளம் ஏறக்குறைய அதே இடத்தில்தான்.

காரணம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. உள்காதில் காக்ளியா என்ற சுருண்ட குழல், நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். வாசல் பக்கம் கீச்சொலிகளுக்கும் உள்முனை கனத்த ஒலிகளுக்கும் அதிரும். ஒலி அதற்குள் அலையாக ஓடுவதைக் கண்டறிந்த கியார்க் ஃபான் பெக்கேசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. இனி வெளிக்காதுத் துளையைப் பாருங்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. பலத்த ஒலியால் வரும் சேதமோ, அந்த ஒலிக்குச் சற்று மேலே உள்ள இடத்தில்தான் அதிகம் விழும். இரண்டையும் சேர்த்தால் 4000 வருகிறது.

சேதமாவது காக்ளியாவுக்குள் இருக்கும் வெளி முடிச்செல்கள், அதாவது நுனியில் நுண்ணிய முடி போன்ற இழைகள் கொண்ட செல்கள். ஒரு காதில் சுமார் 12,000 இருக்கும். மூளைக்குச் செய்தி அனுப்புவது இவற்றின் முக்கிய வேலை அல்ல. அதற்கு 3,500 உள் முடிச்செல்கள் இருக்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்டால் சின்னத் தள்ளலிலேயே உயரப் போகிறதல்லவா, அப்படி மெல்லிய ஒலியின் அதிர்வை வெளி முடிச்செல்கள் தாளம் தவறாமல் தள்ளிப் பெரிதாக்குகின்றன. செத்துப்போனால் மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை.

சேதம் எவ்வளவு வேகம் என்பதைக் கணக்குப் போட்டால் சங்கடமாக இருக்கும். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் நிற்பதும், 100 டெசிபலில் 15 நிமிடம் நிற்பதும் ஆற்றல் கணக்கில் ஒன்றே. ஜாக் ஹேமர் பிடிப்பவர் காதருகே 100-ஐத் தாண்டும். நம் தொழிற்சாலை விதிகளோ 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விடுகின்றன. என்னைக் கேட்டால் அது தாராளம்தான்.

“ஆரம்பத்துல காது ஙொய்ங்னு இரையும், இப்ப பழகிடுச்சுங்க” என்பார்கள். பழகவில்லை. ஆரம்பத்தில் களைத்துப்போன செல்கள் இரவில் ஓய்வெடுத்துத் தேறிவந்தன. தினமும் அடி விழ, தேற முடியாமல் போனவை போனவைதான். சத்தம் உறுத்தவில்லை என்றால், உறுத்தலை உணரும் இடமும் அதோடு குறைந்திருக்கலாம்.

சரி, வீட்டுச் சண்டைக்கு வருவோம். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ச, ஸ, ட, த, க போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் துப்பு 2000-க்கு மேலே, மிக மெல்லியதாக இருக்கிறது. பள்ளம் விழுந்த காதுக்குக் காசு, காது, காடு மூன்றுமே ‘கா... உ’ என்றுதான் வரும். கூப்பிட்டால் திரும்புவார், யார் குரல் என்று சொல்வார், என்ன சொன்னார்கள் என்பது மட்டும் பிடிபடாது. அவரைப் பொறுத்தவரை காது கேட்கிறது. எதிரில் இருப்பவர்தான் முணுமுணுக்கிறார்.

விட்ட எழுத்துகளை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மதியம் ஒரு மணிக்குச் சமையலறையிலிருந்து வரும் குரல் எதைச் சொல்லும் என்று அதற்குத் தெரியும். அதே குரல் எதிர்பாராத ஒரு பெயரை, தொகையை, தேதியைச் சொன்னால் ஊகிக்க ஆதாரம் இல்லை. மனைவி கண்ணுக்கு இது வேண்டியதை மட்டும் கேட்பதாகத் தெரிகிறது. பேருந்து நிலையத்தில் நின்றால் ஊகமும் கைவிடும், ஏனென்றால் இன்ஜின் இரைச்சல் மிச்சமிருக்கும் எழுத்துகளையும் மூடிவிடும். கத்திப் பேசுவது உதவாது; கத்தும்போது உயிரெழுத்துதான் அதிகம் பலமாகிறது. கூடவே, வெளி முடிச்செல்கள் போன காதில் மெல்லிய ஒலி கேட்காது, பலத்த ஒலியோ சட்டென்று முழுப் பலத்தோடு தாக்கும். “ஏன் கத்துற?” என்று அவர் எரிந்து விழுவது அதனால்தான். முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னால் போதும்.

ஆடியோகிராமுக்கு மொழி தேவையில்லை. சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் பேச்சுச் சோதனைக்குத் தேவை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் நிறையப் பேர். தமிழ்ச் சொற்களை வைத்துச் சோதித்து மதிப்பெண் குறைந்தால் பழி காதின் மேல் விழும். அதனால் “வீட்ல என்ன பாஷைங்க?” என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

காது மிஷின் என்றால் எல்லாவற்றையும் பெரிதாக்கும் ஸ்பீக்கர் என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் சில அப்படித்தான், பீரோவுக்குப் போய்ச் சேருவதும் அவைதான். ஆடியோகிராமைப் பார்த்து அமைக்கும் கருவி, பள்ளம் உள்ள அலைவரிசைகளை மட்டும் தூக்கும். அங்கும் மெல்லிய ஒலிக்கு அதிக உதவி, பலத்த ஒலிக்குக் குறைவு. பல வருடமாக வராத ‘ஸ்’, ‘ச்’ எல்லாம் திரும்ப வரும்போது முதலில் எரிச்சலாக இருக்கும். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும்.

இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு: பஞ்சு போதாது. ஃபோம் இயர்பிளக்கை விரலால் மெலிதாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும் வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை. பரிசோதனைக்கு ஷிஃப்ட் முடிந்த கையோடு வராதீர்கள். களைத்த காது உள்ளதைவிட மோசமாகக் காட்டும். குறைந்தது 14 மணி நேரம் சத்தத்திலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதால், விடுமுறைக்கு மறுநாள் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் வருவது வசதி.