கண்ணுக்கே தெரியாத செவ்வணிலை எப்படி கணக்கெடுக்கிறாங்க?

பிரிட்டன்ல இப்ப மிச்சமிருக்கிற செவ்வணில்ல முக்கால்வாசி ஸ்காட்லாந்துலதான் இருக்கு. 1876ல அமெரிக்காவுலேருந்து கொண்டாந்து இங்கிலாந்துல செஷயர்ல விட்ட சாம்பல் அணில் பெருகிப்போய், தீனியையும் புடுங்கிக்கிச்சு, ஸ்குவிரல்பாக்ஸ்ங்கிற அணில் அம்மை வைரஸையும் பரப்பிடுச்சு. அந்த வைரஸ் சாம்பல் அணிலை பெருசா ஒண்ணும் பண்ணாது, செவ்வணிலுக்கு வந்தா பெரும்பாலும் சாவுதான். அதனால எந்தக் காட்டுல எது, எத்தனை இருக்குன்னு தெரிஞ்சே ஆகணும்.

ஓக், ஹேசல் மாதிரி இலை உதிர்ற காட்டுல வேலை ஈஸி. இலை துளிர்க்கிறதுக்கு முன்னாடி, காத்து மழை இல்லாத விடியக்காலையில, ஒரே பாதையில மெதுவா நடந்து, அங்கங்க நின்னு பாத்து எண்ணிட்டே போகலாம். இதையே வடக்கு இங்கிலாந்துல இருக்கிற கீல்டர் காட்டுல செஞ்சா ஒண்ணும் நடக்காது. அங்க பெரும்பாலும் சிட்கா ஸ்ப்ரூஸ்ங்கிற ஊசியிலை மரம், வருஷம் பூரா பச்சையா நெருக்கமா நிக்கும், அணில் தலைக்கு மேலயே ஓடினாலும் தெரியாது.

அங்க தரையைத்தான் பாக்கணும். நாம சோளக்கதிரைக் கடிக்கிற மாதிரி அணில் ஸ்ப்ரூஸ் காயை உருட்டி உருட்டி செதிலைப் பிச்சு விதையைத் தின்னுட்டு நடுத்தண்டைக் கீழ போட்டுடும். எலி கொறிச்சா தண்டு சுத்தமா இருக்கும், அணில் கொறிச்சா பிசிறு பிசிறா இருக்கும். 50 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்கு தரையில ஒரு துண்டு இடத்தை எடுத்து, கிடக்கிற பழசையெல்லாம் பொறுக்கிட்டு, கொஞ்ச நாள் கழிச்சு வந்து புதுசா விழுந்ததை எண்ணுவாங்க. ஆனா தின்னது எந்த அணில்னு தண்டு சொல்லாது, மரத்துல இருக்கிற கூடும் சொல்லாது.

அதுக்குத்தான் ஹேர் ட்யூப். ஒரு அடி நீள பிளாஸ்டிக் பைப்ல விதையை வெச்சு, ரெண்டு வாய்லயும் மேல் பக்கமா டபுள் சைடு டேப் ஒட்டி மரக்கிளையில கட்டிடுவாங்க, அணில் உள்ள நுழையும்போது முதுகு முடி ஒட்டிக்கும். நிறத்தை நம்பக்கூடாது, ஏன்னா சாம்பல் அணில் உடம்புலயும் செம்பட்டை முடி இருக்கும். முடிக்கு சாயம் ஏத்தி மைக்ரோஸ்கோப்ல பாத்தா செவ்வணில் முடியில மட்டும் நீளவாக்குல ஒரு பள்ளம் தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், அணிலைத் தொடாமலே பதில் கிடைச்சிடுது.

இப்படி வர்ற நம்பரையும் காட்டைப் பாத்துதான் படிக்கணும். சிட்கா விதை ரொம்பச் சின்னது, நல்லா காய்க்கிறதும் சில வருஷத்துக்கு ஒருக்காதான், அதனால அங்க 5 ஹெக்டேருக்கு ஒரு அணில் இருந்தாலே நல்ல எண்ணிக்கை. ஆனா அந்தப் பஞ்சத்துல பெரிய உடம்பு சாம்பல் அணிலால தாக்குப்பிடிக்க முடியறதில்ல, அதனாலதான் கீல்டர் செவ்வணிலுக்குப் புகலிடமா இருக்கு. காய்ப்பு இல்லாத ஒரு வருஷத்து நம்பரை மட்டும் வெச்சு இந்தக் காடு உதவாதுன்னு முடிவு கட்டுறது ரொம்பத் தப்பு. ஒரே பாதை, ஒரே சீசன், வருஷாவருஷம் போகணும். லிவர்பூல் பக்கத்துல ஃபார்ம்பி பைன் காட்டுல 2008ல வைரஸ் வந்து 80 சதவீதத்துக்கு மேல செவ்வணில் செத்துப்போச்சு, அதுக்கு முன்னாடியே அங்க தொடர்ந்து எண்ணிட்டு இருந்ததாலதான் எவ்வளவு போச்சு, அப்புறம் எவ்வளவு மீண்டு வந்துச்சுன்னு சொல்ல முடிஞ்சுது.