ரேடார் சொன்னது ஒன்று, ஜிபிஎஸ் சொன்னது வேறொன்று

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. கிழக்கு மத்தியதரைக் கடல், கரை கண்ணுக்கு எட்டாத தூரம். எக்டிஸ் என்னும் மின்னணு வரைபடத் திரையில் எங்கள் கப்பல் திடீரென்று பெய்ரூட் விமான நிலையத்தின் ஓடுபாதையில் போய் நின்றது. அடுத்த சில நிமிடங்களில் அங்கிருந்து 60 நாட், அதாவது மணிக்கு 60 கடல் மைல் வேகத்தில் கிழக்கே ஓடவும் ஆரம்பித்தது. நிறைசுமையோடு 13 நாட் வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போகும் கப்பல் எங்களுடையது. வாட்ச்சில் இருந்த செகண்ட் ஆபீசர் சிரித்துவிட்டார். எழுப்பிவிடப்பட்டு பிரிட்ஜுக்கு வந்த கேப்டன் நானும்தான்.

இது நல்ல வகைப் பொய். பார்த்த உடனே பொய் என்று தெரிந்துவிடும். நான் எழுத வந்தது தெரியாத வகையைப் பற்றி.

போர் நடக்கும் இடங்களைச் சுற்றி இப்போது இரண்டு வேலைகள் ஓயாமல் நடக்கின்றன. ஒன்று ஜாமிங்: செயற்கைக்கோள் சொல்வது எதுவும் கேட்காதபடி அதே அலைவரிசையில் இரைச்சலைப் போடுவது. இன்னொன்று ஸ்பூஃபிங்: செயற்கைக்கோள் மாதிரியே பேசித் தவறான இடத்தையும் நேரத்தையும் நம்ப வைப்பது. முன்னது காதுக்குள் கத்துவது. பின்னது தெரிந்தவர் குரலில் போன் பண்ணி ஏமாற்றுவது.

இதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் நம் ஆன்டெனாவைத் தொடும்போது சுற்றியுள்ள இரைச்சலைவிடவே மெலிந்திருக்கும். பக்கத்திலிருந்து கொஞ்சம் சத்தமாகப் பேசினால் அது அமுங்கிப்போகும். தவிர, பொதுமக்களுக்கான சிக்னலின் அமைப்பு எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்ட ஒன்று. ரிசீவர் செய்கிறவனுக்கு உதவும் அதே ஆவணம் போலி செய்கிறவனுக்கும் உதவுகிறது. ராணுவத்துக்கென்று மறையாக்கம் செய்த சிக்னல் தனியாக உண்டு. வணிகக் கப்பலுக்கு அது கிடையாது.

சரி, ஏன் எப்போதும் விமான நிலையம்? பல டிரோன்களில் விமான நிலையப் பக்கம் பறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு மென்பொருளிலேயே இருக்கும். 'நீ இப்போது ஓடுபாதைக்கு மேலே இருக்கிறாய்' என்று நம்ப வைத்தால் அது தானாகவே இறங்கிவிடும் அல்லது முன்னேற மறுக்கும் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே இருந்த இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகத் திரையில் தெரிந்தன. அப்போது அதை எங்கள் வட்டத்தில் ஒரு வேடிக்கைச் செய்தியாகத்தான் பேசினோம். அதற்கும் நான்கு வருடம் முன்பே, 2013-ல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ஃப்ரீஸ் குழு, உரிமையாளரின் சம்மதத்தோடு, மத்தியதரைக் கடலில் 65 மீட்டர் நீள உல்லாசப் படகு ஒன்றை இதே முறையில் பாதையிலிருந்து திருப்பிக் காட்டியிருந்தது. அவர்கள் பயன்படுத்தியது ஒரு பெட்டிக்குள் அடங்கும் கருவி. பிரிட்ஜில் ஒரு அலாரமும் அடிக்கவில்லை. அன்றே பயந்திருக்க வேண்டும்.

உக்ரைன் போர் இதையெல்லாம் அன்றாடமாக்கிவிட்டது. ஜிபிஎஸ்ஸை நம்பிப் பறக்கும் எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டுகள், மேற்கத்திய நாடுகள் பெருமையோடு கொடுத்தவை, ரஷ்ய ஜாமிங்கில் குறி தவறத் தொடங்கின. டிரோனை இயக்கும் ரேடியோ இணைப்பும் அறுபட்டது. அதற்கு வந்த பதில் எனக்குப் பிடித்த ஒன்று: 2024 முதல் டிரோன்கள் கண்ணாடி இழைக் கம்பியைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கின்றன. பட்டம் விடுவதுபோலத்தான், நூல் மட்டும் பத்து, இருபது கிலோமீட்டர். ரேடியோ அலையே இல்லை என்றால் எதை ஜாம் பண்ணுவது? இவ்வளவு முன்னேறி, கடைசியில் ஒயருக்கே திரும்பினார்கள்.

சண்டை போடுகிறவர்களுக்கு இப்படி மாற்று வழி கிடைத்துவிடுகிறது. வழியில் போகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. குண்டுக்கு வரம்பு உண்டு, விழுந்த இடத்தோடு சரி. ரேடியோ அலை தன் எதிரி யார் என்று பார்த்துப் போவதில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் ஃபின்ஏர் எஸ்தோனியாவின் டார்ட்டுவுக்குப் போகும் விமானங்களை ஒரு மாதம் நிறுத்திவைத்தது. அங்கே தரையிறங்கும் முறை ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்தது, காரணம் அவ்வளவுதான்.

இப்போது தெரியாத வகைக்கு வருகிறேன். செங்கடல், பகல் வெளிச்சம், நல்ல வானிலை. பவளத் திட்டுக்கு வெளியே, அதற்கு இணையாகப் போய்க்கொண்டிருந்தோம். கேடட் பையன் ஒருவன் எக்டிஸ் முன்னால் நின்றான். ரேடார் படத்தை வரைபடத்தின் மேல் விரித்து வைத்திருந்தோம். திட்டின் விளிம்பும், அதன்மேல் இருக்கும் கலங்கரை விளக்கமும் ரேடாரில் அழகாகத் தெரிந்தன. ஆனால் அச்சுப் பிசகிய படம்போல எல்லாம் வரைபடத்திலிருந்து தள்ளி விழுந்திருந்தன.

"ரேடார்தான் தப்பு போல, சார்" என்றான். "ரெண்டு ஜிபிஎஸ்ஸும் ஒரே இடத்தைக் காட்டுது."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு கருவிகள் ஒத்துப்போனால் மூன்றாவதைச் சந்தேகிப்பதுதான் வழக்கம். ஆனால் இரண்டு ஜிபிஎஸ் ரிசீவர்கள் இரண்டு சாட்சிகள் ஆகாது. இரண்டும் ஒரே பொய்யைக் கேட்டுவிட்டு வந்தவை. ரேடார் எதையும் கேட்டுச் சொல்வதில்லை. தன் துடிப்பைத் தானே அனுப்பி, திரும்பி வந்ததைத் தானே அளக்கிறது.

"ரேடார்ல லைட்ஹவுஸ் எவ்வளவு தூரம், தம்பி?"

"7.2 மைல், சார்."

"எக்டிஸ்ல அளந்து பாரு."

"8.6."

அங்கேயே அமைதியாகிவிட்டான். திரையின்படி நாங்கள் பாதையின் நடுவில் இருந்தோம். உண்மையில் திரை காட்டியதைவிட 1.4 மைல் திட்டை நெருங்கியிருந்தோம். ஜிபிஎஸ் காட்டிய இடம் ஒரேயடியாகக் குதித்திருந்தால் அலாரம் அடித்திருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. ஆட்டோபைலட் திரைப் பாதையை விடாமல் பிடிக்கும் முறையில் இருந்ததால், பொய் நகர நகர கப்பலும் எதிர்ப்பக்கம் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரும் கைகொடுக்காது: செங்கடலின் பவளத் திட்டுகள் சுவர்போல எழும்புகின்றவை. ஆழம் குறைகிறது என்று அது சொல்லும்போது நீங்கள் திட்டின் மேல் இருப்பீர்கள். உடனே ஆட்டோபைலட்டைப் பாதையிலிருந்து விடுவித்து, கையால் திருப்பி வெளியே எடுத்தோம்.

நான் அதிகம் யோசித்தது அதற்கப்புறம்தான். ஜிபிஎஸ் என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளி என்றே பலர் நினைக்கிறார்கள். கப்பலில் அது தண்ணீர்க் குழாய் மாதிரி, எங்கெல்லாம் போகிறது என்று தேடினால்தான் தெரியும். கப்பலின் பெயரையும் இடத்தையும் ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவி அதை எடுத்து மற்றக் கப்பல்களுக்குச் சொல்கிறது. திசை காட்டும் ஜைரோ, வேகத்தையும் அட்சரேகையையும் அதிலிருந்து எடுக்கும்படி அமைத்திருந்தால், தன் திருத்தத்தை அதை வைத்துப் போடுகிறது. பொய்யான 60 நாட் வேகம் உள்ளே போனால் திசையே சில டிகிரி பிசகும். ரேடாருக்கும் ஜிபிஎஸ் வேகத்தைக் கொடுத்து வைத்திருந்தால் எதிரே வரும் கப்பல்களின் கோடுகள் எல்லாம் கோணலாகிவிடும். கடிகாரங்களும் அதன் பின்னாலேயே ஓடும். ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் போகும் செய்தியிலும் அதே தப்பான இடம்தான்.

2025 மே மாதம் எம்எஸ்சி ஆன்டோனியா என்ற கன்டெய்னர் கப்பல் ஜெத்தா அருகே தரைதட்டியது. கப்பல்களைக் கண்காணிக்கும் நிறுவனங்கள் ஜிபிஎஸ் குறுக்கீட்டைக் காரணமாகக் காட்டின. அடுத்த மாதம், இஸ்ரேல்–ஈரான் சண்டையின்போது, ஹோர்முஸ் நீரிணையை ஒட்டிய கடலில் ஃப்ரன்ட் ஈகிள், அடலின் என்ற இரு டேங்கர்கள் மோதித் தீப்பிடித்தன. அடலினிலிருந்த 24 பேரையும் கடலோரக் காவல் படை மீட்டது. அந்தப் பகுதியில் அப்போது கடுமையான குறுக்கீடு இருந்தது உண்மை. ஆனாலும் கப்பலோட்டத்தில் நடந்த கணிப்புப் பிழை என்றே ஐக்கிய அரபு அமீரகம் தொடக்கத்தில் சொன்னது. எனக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. ஜாமிங் கப்பலை மோத வைக்காது, பார்த்துக்கொண்டிருப்பவரின் கவனத்தைக் கலைத்துவிடும். ஏஐஎஸ் புள்ளிகள் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் திரையை அரை மணி நேரம் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும்.

என் கப்பலில் இப்போது அந்த மாதிரிப் பகுதிக்குள் நுழையும் முன்பே ஜைரோவுக்கு அட்சரேகையையும் வேகத்தையும் கையால் கொடுத்துவிடுகிறோம். ரேடாருக்கு வேகம், தண்ணீரில் கப்பலின் வேகத்தை அளக்கும் லாக் கருவியிலிருந்து மட்டும். ஆட்டோபைலட் திசையைப் பிடிக்கலாம், பாதையைப் பிடிக்கக் கூடாது. ரேடாரில் கரை தெரிந்துகொண்டிருக்கும் வரை ரேடார் தூரத்தையும் திசைகோணத்தையும் வைத்துக் கையால் இடம் குறிக்க வேண்டும். லாக் வேகமும் ஜிபிஎஸ் வேகமும் நீரோட்டத்தால் விளக்க முடியாத அளவு விலகினால் என்னைக் கூப்பிட வேண்டும், தூங்கினாலும். கரையில்லாத கடலில், சூரியன், நட்சத்திரங்களின் கோணத்தை அளந்து இடம் கணக்கிட உதவும் செக்ஸ்டன்ட் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை அகாதெமி, பல வருடம் கைவிட்டிருந்த நட்சத்திர வழிகாட்டலை 2015-ல் மறுபடி பாடத்தில் சேர்த்தது பழைமை மோகத்தினால் அல்ல.

கருவிப் பக்கமும் வேலை நடக்கிறது. ஜிபிஎஸ் போன்ற ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பு தன் சிக்னலில் டிஜிட்டல் கையொப்பம் போடும் சேவையை 2025-ல் தொடங்கியது. போலியை ரிசீவரே கண்டுபிடிக்கலாம், அதற்கேற்ற ரிசீவர் இருந்தால். இரைச்சலை அதனால் தடுக்க முடியாது. தென் கொரியா, வடக்கிலிருந்து வரும் ஜாமிங்கைப் பட்டு அனுபவித்து, தரையிலிருந்து பலமாக ஒலிபரப்பும் ஈலோரானுக்கு, அதாவது பழைய லோரான் ரேடியோ வழிகாட்டலின் புதிய வடிவத்துக்குப் போனது. அமெரிக்காவோ தன் லோரான் நிலையங்களை 2010-லேயே மூடிவிட்டது.

ஒரு புலம்பலும் உண்டு. பெய்ரூட் ஓடுபாதையில் 'நின்ற' பிறகு கரையிலிருந்த அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: ஏஐஎஸ் பதிவில் கப்பல் ஏன் நிலத்துக்குள் போயிற்று, விளக்கம் தரவும். பொய்யான ஏஐஎஸ் தடம் என்றால் பொருளாதாரத் தடை மீறிச் சரக்கு ஏற்றுகிறார்களோ என்று வங்கிக்காரர்கள் கேட்கிறார்களாம். ஓடுபாதையில் சரக்கு ஏற்ற கிரேன் இல்லை என்று எழுத நினைத்து, லாக்புக் பக்கத்தையும் ரேடார் படத்தையும் இணைத்து அனுப்பினேன்.

லாக்புக் என்றதும் செங்கடல் கேடட் நினைவுக்கு வருகிறான். அன்று மாலை அவன் எழுதிய குறிப்பைப் பார்த்தேன். நேரம், லைட்ஹவுஸின் பெயர், "ரேடார் 7.2, ஜிபிஎஸ் 8.6" என்று எழுதி, ஜிபிஎஸ் எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தான். அதற்கடுத்த வரியில் பத்து நிமிடத்துக்கு ஒரு ரேடார் தூரம், கரை மறையும் வரை.