"சும்மா தட்டுறான், டீச்சர்!"

பியானோ தேர்வு நெருங்கினால் பெற்றோர் என்னிடம் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "டீச்சர், புத்தகத்துல இருக்கிறத வாசிக்கவே மாட்டேங்கிறான். சும்மா எதையாவது தட்டிக்கிட்டே இருக்கான்."

அந்த 'எதையாவது' என்னவென்று கேட்டுப் பார்த்தீர்களா என்பேன். பதில் வராது.

எட்டாம் கிரேடு முடித்து, பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகும் தாள் இல்லாமல் நாலு வரி வாசிக்க எனக்கே தெரியாது. ஒருநாள் இரவு பத்தரை தாண்டிவிட்டது. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. மின்பியானோவில் ஹெட்ஃபோன் மாட்டி இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் உருப்படி ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தேன். பக்கம் திருப்ப மறந்தேன், கை நிற்கவில்லை. அரைமணி நேரம் எங்கெங்கோ போனது. அழுகை வந்தது என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காலையில் உட்கார்ந்தால் ஒரு வரிகூட நினைவில் இல்லை.

அன்றிலிருந்து கைப்பேசியில் பதிவு செய்கிறேன். கேட்டுப் பார்த்தால் மாயம் கொஞ்சம் கலைந்துவிடும். பாதி, பழைய பாடங்களின் மிச்சம். என்னுடையது என்று பெருமைப்பட்ட ஒரு மெட்டு இசையமைப்பாளர் ஷோப்பேனுடையது. கண்டுபிடித்தவள் என் மாணவி! வானத்திலிருந்து எதுவும் கொட்டுவதில்லை. பல வருடம் கை சேர்த்து வைத்ததுதான் வெளியே வருகிறது.

கர்நாடகக் கச்சேரியில் அந்த நேரத்துக்குத் தோன்றுகிறபடி பாடும் கல்பனாஸ்வரத்தைக் கைதட்டி ரசிக்கும் நாமே, மேற்கத்திய இசை என்றால் தாளில் இருப்பதுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். 1747இல் போட்ஸ்டாமில் பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக் ஒரு மெட்டைக் கொடுக்க, இசையமைப்பாளர் பாக் அங்கேயே அதை மூன்று குரல் ஃபியூகாக, அதாவது ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவமாக, விரித்தார். மன்னர் ஆறு குரலில் கேட்டபோது, அந்த மெட்டுக்குப் பதில் தனக்குத் தோதான வேறொன்றை எடுத்துக்கொண்டார். மன்னரின் மெட்டுக்கு ஆறு குரல் ஊர் திரும்பி எழுதியதுதான். பாக்குக்கே அப்படி. நேப்பிள்ஸ் இசைப்பள்ளிகளில் பையன்களுக்கு அடிக்குரல் வரியை மட்டும் கொடுப்பார்கள். மற்றதைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜாஸ் பியானோக் கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் வாசிக்கவைத்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. மனம்போல வாசிக்கும்போது, நம்மை நாமே கண்காணிக்கும் மூளைப்பகுதியின் இயக்கம் குறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து "ஒழுங்கா வாசி!" என்று குரல் வந்தால் என்ன ஆகும்?

தேர்வை விடச் சொல்லவில்லை. ஸ்கேல், பார்த்து வாசித்தல், மூன்று உருப்படி எல்லாம் வேண்டியதுதான். கடைசிப் பத்து நிமிடத்தைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். வழி தெரியாமல் விழித்தால் நான் கொடுப்பது இது: ஏ (A) கட்டையை ஸ என்று வைத்துக்கொண்டு, வெள்ளைக் கட்டைகளில் மட்டும் இடதுகை ஸ நி த ப என்று மெதுவாகத் திரும்பத் திரும்ப இறங்கட்டும். நம் நடபைரவி ராகம்தான். வலதுகை எந்த வெள்ளைக் கட்டைக்கும் போகலாம்.

புகார் வந்த பையனுக்கும் இதையே கொடுத்தேன். மூன்றாம் வாரம் ப-வில் நிற்காமல் ம-வுக்கு இறங்கிவிட்டான்.

"தப்பா, டீச்சர்?"

"இன்னொரு தடவை வாசி, கேட்போம்."