பழைய ப்ளாஷை ட்ரிக்கரில் மாட்டும் முன் வோல்ட்டைப் பாருங்கள்

முகூர்த்த மாதம் வந்தாலே என் சர்வீஸ் மேசைக்கு இந்தப் புகார் வந்துவிடும். கேமராவின் மேல் ஒரு ட்ரான்ஸ்மிட்டர், தள்ளி நிற்கும் ப்ளாஷின் அடியில் ஒரு ரிசீவர்: கம்பியில்லாமல் ப்ளாஷை அடிக்க வைக்கும் இந்த ஜோடிதான் ட்ரிக்கர். போன வாரமும் வந்தது. "சார், ரிசீவர்ல மாட்டினதும் ப்ளாஷ் தானாவே ஒரு தடவை அடிக்குது. அப்புறம் ஷட்டரை அமுக்கினா அடிக்கவே மாட்டேங்குது."

ரிசீவரைத் திறந்து பார்க்கும் வேலையே இல்லை. உள்ளே சுவிட்ச் வேலை செய்யும் பாகம் ஷார்ட் ஆகியிருக்கும். எந்த ப்ளாஷ் என்று கேட்டேன். பழைய விவிடார் 283. அப்பாவின் ஸ்டுடியோ பரணிலிருந்து இறக்கியதாம்.

அந்த ப்ளாஷை நான் குறை சொல்லவில்லை. ஃபிலிம் காலத்தில் எத்தனையோ கல்யாணங்களுக்கு உழைத்த சாமான். அந்தக் காலத்துக் கேமராவுக்குள் ப்ளாஷை அடிக்க வைக்கும் சுவிட்சாக இருந்தது இரண்டு உலோகத் தகடுகள். 200 வோல்ட் வந்தாலும் சமாளிக்கும். இன்றைய ரிசீவரில் இருப்பது கடுகளவு எலக்ட்ரானிக் பாகம்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "நாலு பென்சில் பேட்டரி, மொத்தமே ஆறு வோல்ட். அது என்ன சார் பண்ணிடும்?" எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். சுவிட்சைப் போட்டதும் மெல்லிசாக ஒரு 'கீ' சத்தம் ஏறிக்கொண்டே போகிறதே, அது எதற்கு? அந்த 6 வோல்ட்டை 300 வோல்ட் பக்கம் ஏற்றுகிற சத்தம் அது. டியூப் அடிக்க அவ்வளவு வேண்டும். புது ப்ளாஷிலும் உள்ளே அதே கதைதான், ஆனால் அடியில் இருக்கும் நடு முனைக்குச் சில வோல்ட்தான் வரும். பழையவை பலவற்றில் 200, 250 வோல்ட் அந்த முனையிலேயே வந்து நிற்கும். பேட்டரியை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். விரல் வைத்துச் சோதிப்பதும் வேண்டாம். அப்படியும் சிலர் இருக்கிறார்கள்.

"வயர்லெஸ்தானே, கேமராவுக்கு ஒன்றும் ஆகாதே" என்பது அடுத்தது. பாதி சரி. ரேடியோ வழியாகக் கேமராவுக்கு வோல்ட் போகாது, அடி ரிசீவருக்குத்தான். ஆனால் சில ட்ரான்ஸ்மிட்டர்களின் தலையில் ப்ளாஷ் செருகும் இன்னொரு ஹாட் ஷூ இருக்கிறதே, அதில் பழைய ப்ளாஷைச் செருகினால் நேராகக் கேமராவுக்குள் இறங்கும். நிக்கான் தன் டிஎஸ்எல்ஆர் கையேடுகளில் 250 வோல்ட்டுக்கு மேலோ நெகட்டிவ் வோல்ட்டோ கூடாது என்று எழுதியிருக்கிறது. எல்லாக் கேமராவும் அவ்வளவு தாங்காது. கேமரா-ப்ளாஷ் இணைப்புக்கென 1992-ல் வந்த ஐஎஸ்ஓ 10330 என்ற சர்வதேசத் தரநிலையின் உச்சவரம்பே 24 வோல்ட்தான்.

ஆகவே அளந்து பாருங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முள் மீட்டர் வேண்டாம், குறைத்துக் காட்டும். புது பேட்டரி போட்டு, ரெடி லைட் எரியும்வரை பொறுத்து, டிசி 600 வோல்ட் அல்லது அதற்கு மேலான அளவில் வைத்து, சிவப்பு முனையை நடுப் புள்ளியிலும் கறுப்பை அடியின் ஓரத்து உலோகத்திலும் தொடுங்கள். இரண்டு முனையும் ஒன்றோடொன்று பட்டால் ப்ளாஷ் அடித்துவிடும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மைனஸ் காட்டினால் துருவம் மாறியிருக்கிறது. ட்ரிக்கரில் மாட்டவே மாட்டாதீர்கள்.

"ஜப்பான் தயாரிப்பு என்றால் அதிகம், கொரியா என்றால் குறைவு" என்பார்கள். 283-ஐப் பொறுத்தவரை பெரும்பாலும் சரிதான். ஆனாலும் மீட்டர் சொல்வதையே நம்புங்கள். வந்த எண்ணை ரிசீவரின் கையேட்டில் உள்ள உச்சவரம்போடு ஒப்பிடுங்கள்: சிலது 300 வரை தாங்கும், மலிவானவை பல 12-லேயே கைவிரிக்கும். கையேட்டில் எதுவும் போடவில்லை என்றால் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேற்று பத்துப் படம் அடித்தது என்பதெல்லாம் சான்று ஆகாது.

அதிகமாக இருந்தால் என்ன செய்வது? வெய்ன் சேஃப் சிங்க் மாதிரி, வோல்ட்டைக் குறைத்துத் தர இடையில் போடும் அடாப்டர்கள் உண்டு. இன்னொரு ப்ளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து அடிக்க வைக்கும், உயர் வோல்ட்டுக்கென்றே செய்த ஆப்டிகல் ஸ்லேவும் ஆகும். ஆனால் மண்டபத்தில் அடுத்தவர் ப்ளாஷுக்கெல்லாம் உங்களுடையதும் அடிக்கும். என்னைக் கேட்டால், அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து ஒரு புது மானுவல் ப்ளாஷ் வாங்கிவிடுவேன்.

தயவுசெய்து வீடியோ பார்த்து வோல்ட்டைக் குறைக்கிறேன் என்று ப்ளாஷைப் பிரித்து ரெசிஸ்டர் வைக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பின்னும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். அதன் அடி விளையாட்டல்ல.

அளந்த வோல்ட்டை ஒரு டேப்பில் எழுதி ப்ளாஷின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். விற்கும்போது வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள்.